மறு: ‘திங்கிங் கேப்’ சரம் – தொப்பி வேண்டாம் என்பது என் கட்சி

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நாம் தமிழாக்கும் பள்ளிக் கணக்குச் செயலியில் புதிர்களுக்கு மேலே ‘நன்றாக யோசி’ என்ற பொருளில் வரும் ‘புட் ஆன் யுவர் திங்கிங் கேப்’ என்ற சரத்துக்கு (திரையில் தோன்றும் சிறு வாசகத்துக்கு) ‘சிந்தனைத் தொப்பியை அணிக’, ‘எண்ணித் துணிக’, ‘எண்ணிப் பார்’ என்ற பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எனக்கு எதுவும் ஒப்பவில்லை. திருமங்கலத்து ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

தொப்பியை முதலில் கழற்றிவிடுவோம். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் இது ‘கன்சிடரிங் கேப்’ என்று வழங்கியது. ‘திங்கிங் கேப்’ ஆனது 19ஆம் நூற்றாண்டில். அது அவர்கள் வழக்கு. நம்மிடம் தலையில் ஏறுகிற பொருளுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. பரிவட்டம் என்றால் கோயில் மரியாதை. உருமால் என்றால் கல்யாணம். முண்டாசை இறுக்கினால் வேலைக்கோ சண்டைக்கோ இறங்குகிறான். தலையில் துண்டு விழுந்தால் ஆள் போண்டி. குல்லாப் போட்டால் ஏமாற்று வேலை. யோசிப்பதற்காகத் தலையில் எதையோ மாட்டிக்கொண்டவரை மதுரையின் நான்கு மாசி வீதிகளிலும் தேடினாலும் காண முடியாது. யோசிக்கிறவர் தலையைச் சொறிவார். அதற்குத் தலை காலியாக இருக்க வேண்டும்.

ஒரே விஷயத்தை ஆறு கோணங்களில் யோசிக்க எட்வர்ட் டி போனோ 1985இல் அறிமுகப்படுத்திய ஆறு தொப்பி முறையைத் தமிழாக்கும்போது மட்டும் தொப்பி இருக்கட்டும். அங்கே வெள்ளை தகவலுக்கு, கறுப்பு எச்சரிக்கைக்கு என்று நிறத்துக்கு நிறம் வேலை உண்டு.

‘எண்ணித் துணிக’ 467ஆம் குறள். இறங்கிவிட்டு அப்புறம் எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்று கண்டிக்கிற இடம். புதிரில் அப்படி என்ன துணிய வேண்டியிருக்கிறது? விடை தப்பினால் ‘மீண்டும் முயல்க’ பொத்தான் கீழேயே இருக்கிறது. இதே செயலியில் பயனர் பதிவை அழிக்கும் இடத்தில் ‘திங்க் ட்வைஸ்’ என்றொரு சரம் வருகிறதே, குறளை அங்கே வைக்கலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். இன்றைய வாசகருக்குத் துணிதல் என்றால் தைரியம்தான். ‘துணிக’ என்றால் தட்டியே விடுவார். ‘ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். (அதே பெட்டியின் தலைப்பில் ‘கணக்கை நீக்கு’ என்று போட்டிருக்கிறோம். கணக்குப் பாடச் செயலியில்! பிள்ளைகள் நம்மைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்கள். தயவுசெய்து மாற்றுங்கள்.)

‘எண்ணிப் பார்’ எனக்கும் பிடித்திருந்தது, மேலூர் ஆசிரியர் அம்மா அதைத் தம் வகுப்பில் காட்டும்வரை. கேள்வி இது: மல்லிகை முழம் 30 ரூபாய், 100 ரூபாய் கொடுத்தால் எத்தனை முழம் கிடைக்கும், மீதி எவ்வளவு? பக்கத்தில் ஒரு சரம் பூவின் படம். ஒரு சிறுமி திரையில் விரலை வைத்துப் பூக்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிட்டாளாம். கேட்டதற்கு, “எண்ணிப் பார் என்றுதானே போட்டிருக்கிறது டீச்சர்” என்றாளாம். அவள் படித்தது சரி. கணக்குப் பாடத்தில் எண்ணு என்றால் வேறு என்ன?

ஆகவே ‘யோசி’ என்கிறேன். அது வடசொல், 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் வைத்த ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று ஒரு மடல் வரும், தெரியும். ‘சிந்தனை’ மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்? அதை யாரும் தடுக்கவில்லையே. தனித்தமிழில் ‘ஓர்க’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதற்கே ஓர் அகராதி தர வேண்டியிருக்கும்.

ஆனால் வெறும் ‘யோசி’யில் ஆங்கிலத்திலுள்ள விளையாட்டு வரவில்லை என்ற குறை நியாயமானது. அதற்கு நம்மிடமே ‘மூளைக்கு வேலை’ இருக்கிறது. பிள்ளை கேட்டுப் பழகிய தொடர், தலைப்பாகவும் நிற்கும், கைபேசித் திரையில் ஒரே வரியில் அடங்கும். புதிரின் தலைப்பு ‘மூளைக்கு வேலை’, குறிப்புப் பொத்தான் ‘யோசி’ என்று வைத்துக்கொள்வோம்.

மிச்சம் இருப்பது மரியாதைப் பன்மை. முதியோர் கல்விப் பதிப்பும் இதே கோப்பிலிருந்துதான் சரங்களை எடுக்கிறது. அறுபது வயதுக்காரரை ‘யோசி’ என்று ஏவ எனக்கு வாய் வரவில்லை. ‘யோசியுங்கள்’ பொத்தானுக்குள் அடங்கவில்லை. மேலூர் அம்மா, இதில் உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
புதூரிலிருந்து