வெயிலில் ஒன்று, பொந்தில் ஒன்று: இரு அரிய வண்டுகளைக் கண்ட அனுபவம்

ஜெர்மனியின் பாட் உராக் ஊரை ஒட்டிய மலைச்சரிவில், ஜூலை மாத நண்பகல் ஒன்றில், ஆல்ப்ஸ் நீள்கொம்பு வண்டை முதன்முறையாகக் கண்டேன். காட்டுப் பாதையோரம் அடுக்கியிருந்த பீச் (beech) மரக்கட்டைகளின் மேல், நல்ல வெயிலில் அது அமர்ந்திருந்தது. சாம்பல் பூத்த நீல உடலும் வெளுத்த கட்டையும் ஒரே நிறமாக இருந்தமையால், அது கொம்பை அசைக்கும்வரை இரண்டடி தூரத்திலிருந்தும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் முதுகின் கரும்புள்ளிகளும், உடலைவிட நீண்ட உணர்கொம்பின் கணுக்களில் இருந்த கருமயிர்க் குஞ்சங்களும் தெரிந்தன.

இரண்டாவதான துறவி வண்டைக் காண்பதற்குமுன் அதன் மணத்தை நுகர்ந்தேன். மரங்களைக் கணக்கெடுக்க வந்த பூச்சியியலாளர் ஒருவருடன், மாலை வேளையில் முதிய ஓக் மரமொன்றின் பொந்தருகே நின்றபோது, பழுத்த குழிப்பேரிப் பழத்தின் (peach) மணம் வீசியது. பெண் வண்டை ஈர்ப்பதற்காக ஆண் வண்டு வெளிவிடும் மணம் அது என்றார். பொந்தின் விளிம்பில், ஏறத்தாழ மூன்று செ.மீ. நீளத்தில், கரும்பழுப்பாக அது அசையாமல் இருந்தது. கீழே உதிர்ந்திருந்த மட்கில், அரிசியைவிடத் தடித்த புழு எச்சங்களையும் காட்டினார். வண்டே கண்ணில் படாத மரங்களில் இந்த எச்சம்தான் தடயமாம்.

இரண்டின் புழுக்களும் மரத்தில் பல ஆண்டுகள் வளர்பவை. இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட நெறிமுறையால் காக்கப்படுபவை. ஆயினும், வெயில் படும் உலர்ந்த பட்டமரத்தை நாடுவது நீள்கொம்பு வண்டு; உயிருள்ள முதுமரத்தின் பொந்தில் சேர்ந்த ஈர மட்கை நாடுவது துறவி வண்டு. துறவி வண்டுகளில் பெரும்பாலானவை பிறந்த மரத்தை விட்டே போவதில்லை என்பதால், ஒரு மரத்தை வெட்டினால் ஒரு குடியே அழியக்கூடும். ஸ்டுட்கார்ட்டின் ரோசென்ஸ்டைன் பூங்காவில் ரயில் திட்டத்துக்கான மரவெட்டு இந்த வண்டின் பொருட்டுத் தாமதமானதை வீண்பிடிவாதம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பொந்தைப் பார்த்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல இயலாது.

நீள்கொம்பு வண்டுக்கு நேரும் ஆபத்து வேறு வகையானது. கோடையில் அடுக்கிவைக்கும் கட்டைகளைப் பட்டமரமென நம்பி அது முட்டையிடுகிறது. கட்டைகளோ விறகாகப் போய்விடுகின்றன. வெட்டிய மரத்தைக் கோடைக்கு முன்பே அகற்றிவிடுங்கள், அல்லது சிலவற்றையாவது அங்கேயே விட்டுவையுங்கள் என்பதே காட்டு உரிமையாளர்களிடம் நான் கேட்பது. அக்டோபரில் அதே பாதைக்குத் திரும்பியபோது அந்த அடுக்கு அங்கில்லை. ஈரமண்ணில் லாரிச் சக்கரத்தின் தடமும் சில பட்டைச் செதில்களும் மட்டும் கிடந்தன.