ஆபீஸுக்கும் போட்டுப் போகிற மாதிரி ரைடிங் பூட்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

தாம்பரம்_350

வணக்கம் நண்பர்களே. வீடு தாம்பரம், ஆபீஸ் கிண்டி. தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் மூன்றும் சரியாக இருக்கின்றன. காலில் மட்டும் இன்னும் சாதாரண ஃபார்மல் ஷூதான். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதை மாற்றிவிட வேண்டும்.

ஆபீஸில் ஃபார்மல் பேண்ட், கறுப்பு அல்லது பிரவுன் ஷூ கட்டாயம். சில நாள் வந்த காலோடு அப்படியே மீட்டிங்கில் போய் உட்கார வேண்டியிருக்கும், அதனால் கெண்டைக்கால் வரை ஏறுகிற டூரிங் பூட்ஸ் சரிப்படாது. கணுக்காலை மூடுகிற உயரத்தில் ஒன்று போதுமா? 1,500 ரூபாய்க்கே ஸ்டீல் டோ வைத்த சேஃப்டி ஷூ கிடைக்கிறதே, அது ஆகாதா? வாட்டர்ப்ரூஃப் அவசியமா, இல்லை சென்னை வெயிலில் கால் வெந்துவிடுமா? பட்ஜெட் 10,000 வரை.

ஸ்பேனர்_10

முதலில் சேஃப்டி ஷூ. அதன் டோ கேப் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்று இந்தியத் தரமான ஐஎஸ் 15298 சொல்கிறது. அதாவது 20 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கால் விரல்மேல் விழுந்தாலும் விரல் தப்பிக்கும். ஃபேக்டரியில் அப்படித்தான் அடிபடும். ரோட்டில் அப்படி அல்ல. சிக்னலில் நிற்கும்போதோ மணலில் சறுக்கியோ வண்டி பக்கவாட்டில் சாய்ந்து காலைத் தன் அடியில் சிக்கவைக்கும். உங்கள் வண்டி 195 கிலோ. பாதம் பக்கவாட்டில் நசுங்கும், கணுக்கால் முறுக்கிக்கொள்ளும், கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு ரோட்டில் உரசும். இந்த மூன்றுக்கும் சேஃப்டி ஷூவில் மருந்து இல்லை. போதாததற்கு அந்த டோ கேப் தடிமனாக இருப்பதால் கியர் லீவருக்கு அடியில் நுழைய அடம்பிடிக்கும். ஃபார்மல் ஷூவை விட மேல்தான், ஆனால் நீங்கள் தேடுவது இது இல்லை.

மோட்டார்சைக்கிள் பூட்ஸுக்கென்று ஐரோப்பியத் தரம் தனியாக இருக்கிறது: ஈஎன் 13634. நாக்குக்குப் பின்னாலோ உள்பக்க விளிம்பிலோ தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். சிறிய பைக் படம், அதன் அருகில் ஈஎன் 13634:2017, பிறகு நான்கு இலக்கங்கள், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதலாவது பூட்டின் உயரம். இரண்டாவது ரோட்டில் தேயும்போது எத்தனை நேரம் தாங்கும் என்பது. மூன்றாவது வெட்டுப்படாத தன்மை. நான்காவது பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் விறைப்பு.

கணுக்கால் உயர பூட்டில் முதல் எண் பெரும்பாலும் 1 ஆகத்தான் இருக்கும், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். நான் விடாமல் பார்ப்பது நான்காவது எண்ணை. அதில் 1 என்றால் 1 கிலோநியூட்டன், ஏறத்தாழ 100 கிலோ எடையின் அழுத்தம். 2 என்றால் 1.5 கிலோநியூட்டன். வண்டி காலின்மேல் விழும் நேரத்தில் பாதம் மடங்காமல் பிடிப்பது இந்த விறைப்புதான். நகரத்தில் ஓட்டுபவருக்கு மற்ற மூன்றையும் விட இதுதான் முக்கியம் என்பேன்.

எண்களுக்குக் கீழே எழுத்துகள் இருந்தால் அவையும் பயனுள்ளவை. ஐபிஏ என்றால் கணுக்கால் அடியைத் தாங்கும் பகுதி சோதிக்கப்பட்டிருக்கிறது. டபிள்யூஆர் என்றால் தண்ணீர் புகாது. எஃப்ஓ என்றால் பெட்ரோல், எண்ணெய் பட்டால் சோல் கெடாது. ஐபிஏ கட்டாயம் அல்ல, அதனால் பல கம்பெனிகள் போடுவதில்லை. இரண்டு ஜோடிக்கு நடுவில் தயங்கினால் ஐபிஏ உள்ளதை எடுங்கள்.

விளம்பரத்தில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. "சிஇ சான்று பெற்ற ஆங்கிள் ப்ரொடெக்டர்" என்று போட்டிருப்பார்கள், அதாவது ஐரோப்பியச் சான்று பெற்ற கணுக்கால் கவசம். சான்று உள்ளே வைத்த பேடுக்கு மட்டும், பூட்டுக்கு அல்ல. அதுவும் பல நேரம் ஈஎன் 1621-1 ஆக இருக்கும். அது தோள், முழங்கை, முழங்கால் பேடுகளுக்கான தரம். 13634 என்ற எண் லேபிளில் இல்லையென்றால் அதை ரைடிங் பூட்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லேபிள் பார்த்த பிறகு கையால் நான்கு சோதனை. நுனியையும் குதிகாலையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள், எளிதாக முறுக்கினால் வைத்துவிடுங்கள். சோலின் அகலமான இடத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நசுக்குங்கள், வளையக்கூடாது. குதிகால் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், உள்ளே போகக்கூடாது. கடைசியாக, காலில் போட்டு ஜிப், லேஸ் எல்லாம் இறுக்கிய பிறகு குதிகாலைப் பிடித்து நண்பர் ஒருவரை பலமாக இழுக்கச் சொல்லுங்கள். கையில் கழன்று வருகிற பூட் விபத்திலும் கழன்றுவிடும். கால் வெறுமையானால் மற்ற மூன்று சோதனையும் வீண்.

வாணியம்பாடி_தோல்

ப்ரோ, மேல சொன்னது எல்லாம் சரி. நான் மெட்டீரியல் பக்கம் மட்டும் சொல்றேன்.

ஆபீஸுக்குன்னா ஃபுல் கிரெய்ன் (மேல்பரப்பை இழைக்காத) தோல், கறுப்பு இல்ல டார்க் பிரவுன், மேல லோகோ இல்லாதது. கடையில "ஒரிஜினல் லெதர்"னு சொன்னா நம்பிடாதீங்க. ஸ்ப்ளிட் தோல் (மேல் அடுக்கைப் பிரிச்ச பிறகு மிஞ்சுற அடித்தோல்) மேல பிளாஸ்டிக் பூச்சு போட்டதும் தோல்தான், ஆனா மடியுற இடத்துல ஒரே வருஷத்துல செதில் மாதிரி உரியும். நாக்கோட ஓரம், இல்ல தையல் மடிக்காத வெட்டு முனை எங்காவது தெரியும், அங்க பாருங்க. நார் நாரா அடர்த்தியா இருந்தா நல்ல தோல். மேல மெல்லிசா ஒரு படலம், கீழ பஞ்சு மாதிரி இருந்தா வேண்டாம்.

சோல்லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பியூ (பாலியூரித்தேன்) சோல் லேசா, மெத்துனு இருக்கும், கடையில நடந்து பாக்கும்போது ரொம்ப பிடிச்சுப்போகும். நம்ம கடலோர ஈரக்காத்துல அது தானா சிதையும். ஈரம் பியூவோட மூலக்கூறு பிணைப்பை உடைக்குது. போடாம பெட்டியிலயே வெச்சிருந்தாலும் சில வருஷத்துல விரலால அழுத்தினா கேக் மாதிரி உதிரும். சொல்லப்போனா போடாம வெச்சதுதான் சீக்கிரம் போகும். அதனால தள்ளுபடியில பழைய ஸ்டாக் வந்தா தயாரிச்ச மாசம், வருஷம் பாக்காம வாங்காதீங்க. ரப்பர் சோல் கொஞ்சம் கனம், ஆனா இந்தப் பிரச்சனை கிடையாது. டீசல் சிந்தின சிக்னல்லயும், நனைஞ்ச வெள்ளைக் கோட்டு மேலயும் கால் ஊன்றும்போது பிடிப்பும் நல்லா இருக்கும். ஒண்ணு கவனிங்க, கீழ ரப்பர் மேல பியூனு ரெண்டு அடுக்கா வர்றதும் இருக்கு. வெளி அடுக்கு ரப்பர்னு சொன்னா நடு அடுக்கு என்னன்னும் கேளுங்க.

லேஸ் மட்டும் இருக்குற மாடல் அழகா இருக்கும், ஆனா அந்தக் கண்ணி கியர் லீவர்லயோ ஃபுட்ரெஸ்ட்லயோ மாட்டிக்கிச்சுன்னா சிக்னல்ல கால் கீழ வராது, வண்டியோட சாய வேண்டியதுதான். உள்பக்கம் ஜிப், முன்னாடி லேஸ் ரெண்டும் இருக்குற மாடலா எடுங்க. லேஸை ஒரு தடவை கால் அளவுக்கு இறுக்கி, முடிச்சை நாக்குக்குள்ள சொருகிட்டா அப்புறம் தினமும் ஜிப் மட்டும்தான். ஜிப் பல்லுல மண்ணு சேரும். வாரத்துக்கு ஒரு தடவை பழைய டூத் பிரஷ்ல தட்டிவிட்டு மெழுகுவர்த்தியைத் தேய்ங்க, வருஷக்கணக்கா ஓடும். எண்ணெய் விடாதீங்க, அது மண்ணை இன்னும் இழுத்துப் பிடிக்கும்.

இடது காலோட நுனி மேல கியர் போடுற தடம் சீக்கிரம் விழும். மேல ஒரு துண்டு தோல் இருக்குற மாடல் நல்லது. இல்லைன்னா தெருமுனை செருப்பு தைக்கிறவர்கிட்ட கொடுத்து ஒட்டலாம். ஆனா வாட்டர்ப்ரூஃப் பூட்டா இருந்தா சொல்யூஷன் வெச்சு ஒட்ட மட்டும் சொல்லுங்க, தைக்க விடாதீங்க. ஒரு ஊசித் துளை போதும், உள்ள தண்ணியைத் தடுக்குற மெம்பரேன் படலம் ஓட்டை ஆயிடும்.

அடைமழை

வாட்டர்ப்ரூஃப் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. மெம்பரேன் என்பது தோலுக்கும் உள் துணிக்கும் நடுவில் ஒரு சாக்ஸ் மாதிரி நிற்கும் படலம். தூறல், முன்சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர், அரை மணி நேரத் தொடர் மழை எல்லாவற்றையும் அருமையாகத் தடுக்கும். ஆனால் கார்த்திகையில் சப்வேயில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றால் அது மேல்வாய் வழியாக உள்ளே வரும். வந்த தண்ணீரை மெம்பரேன் வெளியேயும் விடாது. ரெயின் பேண்ட்டை பூட்டுக்குள் சொருகினாலும் இதே கதைதான், தொடையில் வழியும் தண்ணீர் முழுக்க பூட்டுக்குள் இறங்கும். ரெயின் பேண்ட் எப்போதும் பூட்டுக்கு வெளியே, அடியில் ஸ்ட்ராப் போட்டு.

சென்னையில் கடும் மழை வருஷத்தில் இரண்டு மூன்று மாதம். சித்திரை, வைகாசியில் மெம்பரேன் பூட்டோடு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் சாக்ஸ் பிழிகிற அளவுக்கு வியர்க்கும். அதனால் கேள்வியை இப்படிப் போடுங்கள்: ஆபீஸில் நாள் முழுக்க அதையே போட்டிருப்பீர்களா, போனதும் மாற்றுவீர்களா? மாற்ற இடம் இருந்தால் மெம்பரேன் உள்ளதையே எடுங்கள், டிராயரில் ஒரு ஜோடி லேசான ஃபார்மல் ஷூ இருக்கட்டும். நாள் முழுக்க அதே கால் என்றால் மெம்பரேன் இல்லாத தோல் பூட்ஸ் நல்லது. மழைக்கு மேலே மாட்டும் ரெயின் கவரை பையில் வையுங்கள். அந்தக் கவரின் அடிப்பாகம் வழுக்கும், கியர் லீவர் உரசும் இடத்தில் சீக்கிரம் கிழியும். அடியில் ரப்பர் சோல் ஒட்டியதை மட்டும் வாங்குங்கள்.

நனைந்துவிட்டால்: உள்ளே இருக்கும் இன்சோலை எடுத்துத் தனியாக வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். பிறகு ஃபேன் காற்று. வெயில், ஹேர் ட்ரையர், கேஸ் அடுப்புப் பக்கம் எதுவும் வேண்டாம், தோல் விறைத்து வெடிக்கும், சோல் ஒட்டு விட்டுப்போகும். முழுதாகக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும், மறுநாள் காலைக்கு மாற்று ஜோடி தேவை.

ஈரத்தோடு தொடர்ந்து போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் எளிதில் வரும். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும். கம்பளியோ பாலியெஸ்டரோ கலந்தது சீக்கிரம் உலரும். கெண்டைக்கால்வரை நீளமானது போடுங்கள், இல்லாவிட்டால் பூட்டின் மேல் விளிம்பு தோலை அறுக்கும்.

தாம்பரம்_350

மிக்க நன்றி. மாற்ற இடம் இருக்கிறது, அதனால் மெம்பரேன் உள்ளதுதான். இன்னும் இரண்டு சந்தேகம். என் பேண்ட்டெல்லாம் ஸ்லிம் ஃபிட், பூட்டின்மேல் இறங்குமா? தடிமனான நுனி என் வண்டியின் கியர் லீவருக்குள் போகுமா?

ஸ்பேனர்_10

பேண்ட்: கணுக்கால் உயர ரைடிங் பூட்டின் மேல்வாய்ச் சுற்றளவு பேடோடு சேர்த்து 11, 12 இன்ச் வரும். 13 இன்ச் பாட்டம் வைத்த பேண்ட் அதன்மேல் சிக்கி நின்றுவிடும், உட்கார்ந்தால் மேலே ஏறிக்கொள்ளும். தையல்காரரிடம் பாட்டம் 16 வைக்கச் சொல்லுங்கள், நீளம் அரை இன்ச் கூட. நின்றால் பூட்டின் முன்பகுதி மட்டும் தெரியும், பார்ப்பவருக்கு அது சாதாரண லெதர் ஷூ.

பூட்டை மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். போடப்போகும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். முன்னால் ஒரு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவான இடம் வேண்டும், குதிகால் மேலெழக்கூடாது. புதிதில் கொஞ்சம் கடினமாக இருப்பது சரி, ஆனால் கணுக்கால் பேட் எலும்பின்மேல் நேராக உட்கார வேண்டும். முன்னே பின்னே இருந்தால் பழகப் பழகச் சரியாகாது. ஒராசோ, கிளான் போன்ற நம் நாட்டுப் பெயர்களும் டிசிஎக்ஸ், ஃபார்மா, ஆல்பைன்ஸ்டார்ஸ் போன்ற இத்தாலியப் பெயர்களும் இந்த உயரத்தில் மாடல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பாத அச்சும் வேறு, ஒன்றில் 42 சரியாக இருந்தால் மற்றதிலும் 42 என்று ஆன்லைனில் போட்டுவிடாதீர்கள்.

கியர் லீவர்: உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் மிதிக்கும் லீவர் என்பதால் மேலே போடுவதைக் குதிகாலால் செய்யலாம், நுனி அடியில் நுழைய வேண்டிய அவசியம் குறைவு. கவனிக்க வேண்டியது பின்பக்கம். பூட்டின் தடித்த குதிகால் ஓட்டும்போது பின் லீவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடாது. அந்தச் சுமை கியரை நகர்த்தும் ஃபோர்க்கைத் தேய்க்கும், கியரும் சரியாக விழாது. ஃபுட்ரெஸ்ட்டில் பாதத்தின் நடுவை வைத்துப் பாருங்கள், குதிகாலுக்கும் லீவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி தெரிய வேண்டும்.

இல்லையென்றால் லீவரைச் சரிசெய்யலாம். ராடு வழியாக இணைத்த வகை என்றால் ராடின் இரண்டு முனை லாக் நட்டையும் தளர்த்தி, நடு ராடை அரைச்சுற்றாகத் திருப்பிப் பார்த்து, மீண்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் ஒரு முனையில் இடதுகை மரை இருக்கும், அந்த நட் எதிர்ப்பக்கம் சுழலும், பலவந்தம் வேண்டாம். நேரே ஷாஃப்டில் மாட்டிய வகை என்றால் கிளாம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றி, ஷாஃப்டிலும் லீவரிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒரே ஒரு பல் மட்டும் நகர்த்தி மாட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி எல்லா கியரும் விழுகிறதா பாருங்கள்.

வலது காலுக்கும் இதே மாதிரி. பிரேக் பெடல் புதுச் சோலின் தடிமனுக்கு உயரமாகத் தெரிந்தால் அதன் அட்ஜஸ்டரில் கொஞ்சம் இறக்கலாம். இறக்கிய கையோடு பின் பிரேக் லைட் சரியாக எரிந்து அணைகிறதா என்று இருட்டில் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். பெடல் கீழே இறங்கினால் ஸ்விட்ச் எப்போதும் ஆன் ஆகியே இருந்து லைட் அணையாமல் நின்றுவிடும். ஸ்விட்ச்சின் நட்டையும் அதற்கேற்பத் திருப்ப வேண்டியிருக்கும்.