நிலைவழித் தொலைபேசி வளர்ச்சி: உலக நாடுகளை ஒரே வரைபடத்தில் வைக்கும்போது எங்கே இடறுகிறது?

கேள்வி: அண்ணாநகர்_புள்ளி

வணக்கம். சென்னையில் கல்லூரி மாணவர்களுக்குப் புள்ளியியல் பயிற்சிக்காக ஒரு வரைபடம் தயாராகிறது. 1950 முதல் 2020 வரை, 100 பேருக்கு எத்தனை நிலைவழி இணைப்பு என்று நாடு, வட்டார வாரியாக. மூன்று இடம் சரியாக வரவில்லை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எண் திடீரென்று பாதியாகிறது. 1990-ல் இந்தியாவோடு ஒட்டி நின்ற சீனா 2006-ல் எங்கோ போய்விடுகிறது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா கடைசிவரை 2-ஐக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் வருமான வேறுபாடுதான் காரணம் என்று எழுதினால் போதுமா?

பதில் 1: மந்தைவெளி_எம்டிஎஃப்

முதலில் அமெரிக்கா. அங்கே எதுவும் குறையவில்லை. நீங்கள் இரண்டு வேறு அளவைகளை ஒட்டியிருக்கிறீர்கள். பழைய உலகப் பட்டியல்கள் எண்ணியது தொலைபேசிக் கருவிகளை. ஒரே லைனில் ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, அலுவலக பிபிஎக்ஸுக்கு (அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்ச்) பின்னால் ஐம்பது எக்ஸ்டென்ஷன் என்றால் எல்லாமே கணக்கில் வரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ) வரிசை எண்ணுவது எக்ஸ்சேஞ்சில் முடியும் முதன்மை லைன்களை. அமெரிக்காவில் 1980-ல் முதல் எண் இரண்டாவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போடுங்கள், இணைக்கவே கூடாது.

ஐடியூவின் இன்றைய வரையறைக்குள்ளும் சில விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அனலாக் லைன், இணையவழிக் குரல் இணைப்பு, நிலையான வயர்லெஸ் லோக்கல் லூப் (டபிள்யூஎல்எல்: வீட்டுக்குக் கம்பிக்குப் பதில் ரேடியோவழி வரும் இணைப்பு), பொதுத் தொலைபேசி எல்லாம் ஒரே கூட்டலில் சேரும். ஐஎஸ்டிஎன் எனும் டிஜிட்டல் இணைப்பைக் குரல் சேனலாக மாற்றி எண்ணுவார்கள்: அடிப்படை இணைப்புக்கு 2, ஐரோப்பிய முதன்மை இணைப்புக்கு 30. ஜெர்மனிபோல ஐஎஸ்டிஎன் அதிகம் பரவிய நாடுகளில் எண் உயர்ந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊருக்கு இது எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். மஞ்சள் போர்டு வைத்த எஸ்டிடி பூத்துக்குக் கணக்கில் ஒரே லைன்தான். தெரு முழுக்க அங்கிருந்துதான் பேசியது. 1990-களின் இந்தியாவை இணைப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால் நிஜத்தைவிடக் குறைவாகவே தெரியும்.

பதில் 2: பெரம்பூர்_கேபிள்ஜாயிண்ட்

வருமானம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. நாட்டு வருமானமும் தொலைபேசி அடர்த்தியும் சேர்ந்தே நகர்வதை 1963-லேயே ஜிப் என்பவர் வரைந்து காட்டினார். ஆனால் ஒரே வருமானமுள்ள இரு நாடுகள் ஏன் விலகுகின்றன என்பதற்கு அந்தக் கோட்டில் பதில் இல்லை. அதற்கு எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே, மண்ணுக்குள் பார்க்கணும்.

எம்டிஎஃப்-இலிருந்து (எக்ஸ்சேஞ்சுக்குள் எல்லா லைனும் வந்து சேரும் சட்டம்) பிரைமரி கேபிள், தெருவோரக் கேபினட், செகண்டரி கேபிள், டிபி (வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அங்கிருந்து வீட்டுக்கு டிராப் ஒயர். ஒவ்வொரு சந்தாதாரருக்கும் இந்தப் பாதை முழுக்கத் தனி ஜோடிச் செம்பு வேண்டும். எக்ஸ்சேஞ்ச் தருவது 48 வோல்ட். லூப் எதிர்ப்பு (போய்வரும் இரண்டு கம்பிக்கும் சேர்த்த மின்தடை) சுமார் 1000 ஓமுக்குள் இருந்தால் பழைய எக்ஸ்சேஞ்ச்கள் ஒழுங்காக வேலை செய்யும். 0.4 மிமீ கம்பியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 270 ஓம், அதாவது 4 கிமீ எட்டும் முன்பே எல்லை வந்துவிடும். 0.5 மிமீ என்றால் 170 ஓம், கிட்டத்தட்ட 6 கிமீ. எட்டு கிமீ தள்ளி ஒரு கிராமம் இருந்தால் 0.63 மிமீ போடணும். அதில் ஒரு ஜோடிக்கே செம்பு மட்டும் 45 கிலோ. இது எதிர்ப்புக் கணக்கு மட்டும். ஒலித் தேய்மானத்தைத் தனியாகப் பார்க்கணும்.

தி.நகர் மாதிரி நெருக்கமான இடத்தில் ஒரு டிபியைச் சுற்றியே பத்து வீடு கிடைக்கும். சிதறிய கிராமங்களில் பத்து வீட்டுக்குப் பல கிலோமீட்டர் கேபிள், அதன் ஒவ்வொரு ஜாயிண்டும் மழையில் பழுதாகக்கூடிய இடம். காகித இன்சுலேஷன் கேபிளில் ஓரிடத்தில் ஈரம் புகுந்தால் பக்கத்து ஜோடிகளும் சேர்ந்து போகும். ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது அதனால்தான். ஆப்பிரிக்கக் கோடு தரையோடு கிடப்பதில் இந்தத் தூரக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பணம் சேர்ந்து கேபிள் போடும் நிலை வருவதற்குள் செல்போன் டவர் வந்துவிட்டது. 1980-களின் நடுவில் வந்த, ஐடியூ அமைத்த மெய்ட்லண்ட் கமிஷனின் அறிக்கை, ஆப்பிரிக்கா முழுதும் உள்ளதைவிட டோக்கியோவில் தொலைபேசி அதிகம் என்று சொன்னது.

அண்ணாநகர்_புள்ளி

மிக்க நன்றி சார். அப்படியானால் சீனா? கிராமமும் தூரமும் அங்கேயும் உண்டே.

பதில் 3: சைதை_ஸ்விட்ச்ரூம்

உண்டு. ஆனால் முன்பணத்தைச் சந்தாதாரரிடமே வாங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் பல நகரங்களில் இணைப்புக் கட்டணம் 5000 யுவான் வரை போனது, பெரும் தொகை. அந்தப் பணம் நேராக விரிவாக்கத்துக்குப் போனது. 2001-ல்தான் கட்டணத்தை ரத்து செய்தார்கள். 1990-ல் 70 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த லைன், 2006-ல் சுமார் 36.8 கோடி. அதில் ஏறத்தாழ 9 கோடி 'சியாவ்லிங்தோங்' எனும் நகருக்குள் இயங்கும் கம்பியில்லா போன். கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம், ஆனாலும் நிலைவழிக் கணக்கில்தான் சேர்த்தார்கள். உங்கள் வரைபடத்தில் இதற்கு ஓர் அடிக்குறிப்பு அவசியம்.

பிரேசிலில் அரசுத் தொலைபேசி நிறுவனமான டெலிபிராஸ் 1998-ல் தனியாருக்குப் போனபோது சுமார் 2 கோடி லைன். மூன்றே ஆண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிரான்ஸ் 1970-களின் நடுவில் தொடங்கி, கடன் வாங்கியே சில ஆண்டுகளில் 70 லட்சத்தை 2 கோடியாக்கியது. மூன்று இடத்திலும் வழி வேறு. தேவை முன்பே இருந்தது, வழங்கல்தான் திறந்தது. அடர்த்திக் கோட்டைத் தேவையின் கோடாக வாசிக்கக் கூடாது என்பதே என் கருத்து. காத்திருப்போர் பட்டியல் கிடைக்கும் ஆண்டுகளில் அதையும் லைன் எண்ணிக்கையோடு கூட்டி, புள்ளிக்கோடாகப் போடுங்கள். இந்தியாவில் 1990-களின் நடுவில் அந்தப் பட்டியல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

லைன் பற்றாக்குறை எக்ஸ்சேஞ்சையும் கெடுக்கும். பெல்ஜிய நிறுவனத்தின் உரிமத்தில் பெங்களூரின் அரசு நிறுவனமான ஐடிஐ தயாரித்த பென்டாகான்டா கிராஸ்பார் எக்ஸ்சேஞ்ச் இங்கே தடுமாறியதற்கு இது முக்கியக் காரணம். லைன் குறைவு என்பதால் ஒவ்வொரு லைனிலும் பேச்சு அதிகம். வடிவமைப்பு எதிர்பார்த்த டிராஃபிக்கை மிஞ்சியதும் எல்லா அழைப்பையும் இணைத்துவிடும் பொதுக் கட்டுப்பாட்டுப் பகுதி நிரம்பிவிடும். ரிசீவரை எடுத்தவருக்கு டயல் டோன் வராது, வந்தாலும் அழைப்பு பாதியில் நிற்கும், அவர் மறுபடி சுழற்றுவார், நெரிசல் இன்னும் ஏறும். 1984-ல் தொடங்கிய அரசு ஆய்வு மையமான சி-டாட், கிராமங்களுக்கு 128 போர்ட் எக்ஸ்சேஞ்சை ஏசி இல்லாமல் ஓடும்படி செய்தது இந்த நாட்டின் வெயிலையும் மின்சாரத்தையும் கணக்கில் எடுத்துத்தான். அந்தப் பொறியாளர்களுக்கு நாம் இன்னும் உரிய மரியாதை தரவில்லை.

மந்தைவெளி_எம்டிஎஃப்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். செங்குத்து அச்சை லாக் அளவில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்கு) வையுங்கள். சாதாரண அளவில் அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டு உச்சமான 68, மற்ற எல்லாரையும் தரையில் நசுக்கிவிடும். இந்தியாவின் உச்சம் 2006 வாக்கில் சுமார் 5 கோடி, அதாவது 100 பேருக்கு 4-க்கும் 5-க்கும் இடையே. அதிலும் நிலையான டபிள்யூஎல்எல் போன்கள் முதலில் நிலைவழியில் இருந்து பிறகு வயர்லெஸ் கணக்குக்கு மாறின. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அட்டவணையில் அந்த மாற்றத்துக்கு முந்திய வரிசை எது, பிந்தியது எது என்று பார்த்து எடுங்கள்.

கோட்டை 2020-ல் நிறுத்தினால் சுமார் 2 கோடியில் முடியும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் ஃபைபரோடு குரல் எண்ணும் சேர்ந்து வருவதால் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டிவிட்டது. முடிந்தால் 2024 வரை நீட்டி, 2020-க்குப் பிந்திய பகுதிக்கு வேறு நிறம் கொடுங்கள். அது செம்பு இல்லை.