அப்பாவின் பழைய சைக்கிளுக்குப் பின்னால் எத்தனை பல்? மகளின் கியர் வண்டிக்கு என்ன செய்வது?

உப்புவெளியான்

வணக்கம். திருகோணமலையில் இருக்கிறோம். ஒரே வீட்டில் மூன்று சைக்கிள்கள், மூன்றிலும் சிக்கல். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

முதலாவது அப்பாவுடையது. 28 அங்குலச் சில்லுள்ள பழைய ரலி, 1978இல் வாங்கியது. என்னை விட மூத்தது. வீட்டில் மரியாதையும் அதற்குத்தான் அதிகம். அப்பாவுக்கு 66 வயது. விடியற்காலையில் சல்லிக் கரையில் மீன் எடுத்து, கரியரில் றெஜிபோம் பெட்டியைக் கட்டி, உவர்மலைப் பக்கம் வீடு வீடாக விற்கிறார். ஐஸோடு சேர்த்துப் பெட்டி 35 கிலோ வரும். கடந்த வருடம் தொடக்கம் வலது முழங்காலில் நோவு. உவர்மலை ஏற்றத்தில் இப்போது இறங்கித்தான் தள்ளுகிறார். செயின் ஓடும் சக்கரங்களின் பற்களை எண்ணிப் பார்த்தேன்: முன்னால் 44, பின்னால் 18.

ஒரு கடையில் கேட்டதற்கு, "இதை இரும்புக்குப் போட்டுவிட்டு 21 கியர் வண்டி எடுங்கள்" என்றார்கள். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னது என் பிழை. அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது மகளுடையது. 13 வயது, உயரம் 147 சென்றிமீற்றர். 26 அங்குல வண்டி, 18 கியர். முன்னால் 48, 38, 28. பின்னால் 14 முதல் 28 வரை ஆறு. பாடசாலைக்கு நிலாவெளி வீதியால் நகரத்துக்குப் போய் வருகிறாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் போகும்போது எதிர்க்காற்று. வகுப்பில் போய் உட்காரும்போதே களைத்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமை கோட்டைக்குள் மேட்டில் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போனால் கோட்டை வாசலிலேயே இறங்கிவிடுகிறாள். 18 கியர் இருந்தும் ஏன் இப்படி?

மூன்றாவது என்னுடையது. பழைய மலைச் சைக்கிள் ஒன்று கைமாறி வந்திருக்கிறது. எனக்கு 92 கிலோ. காலையில் நிலாவெளி வரை ஓடி உடம்பைக் குறைக்கலாம் என்று எண்ணம். வண்டி இழுவையாக இருக்கிறது. இதிலும் கியர் மாற்ற வேண்டுமா?

சில்லுக்காரன்

தம்பி, முதலில் அந்த ரலியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்கு எளிது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சில்லின் விட்டத்தால் பெருக்குங்கள். 44ஐ 18ஆல் வகுத்து 28ஆல் பெருக்கினால் 68 அங்குலம், இதுதான் கியரின் அளவு. எண் கூடினால் வேகம் கூடும், மிதிக்கப் பாரமாக இருக்கும், குறைந்தால் எதிர்மாறு. வெறும் வண்டியில் சமதரையில் போகும் இளைஞனுக்கு 68 நல்ல கியர். அறுபது தாண்டியவர் 35 கிலோவோடு ஏற்றம் ஏற அது பொருந்தாது. வண்டி செய்தவன் மீன் பெட்டியை நினைத்துச் செய்யவில்லை.

பின்னால் 22 பல் பிறீவீல், அதாவது பின் சில்லின் பற்சக்கரம், போடுங்கள். 56 அங்குலத்துக்கு இறங்கும். அதே ஏற்றத்தில் மிதிக்கும் விசை நூற்றுக்குப் 18 பங்கு குறையும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்பு மணிக்கு ஏறக்குறைய 19½ கிலோமீற்றர் போனவர் இனி 16 போவார். போகட்டுமே. ஐஸில் கிடக்கும் மீன் எங்கே ஓடப்போகிறது?

இந்த வண்டிகளில் பிறீவீல் மரை பழைய ஆங்கில அளவு. இன்று கடைகளில் தொங்கும் சாதாரண பிறீவீல்கள் பெரும்பாலும் அதே மரைதான். கழற்றுவதற்கு அதன் முகத்திலுள்ள வெட்டுகளுக்கு ஏற்ற சாவி வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு வருபவரைப் படலையோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். 40 வருட உப்புக் காற்றில் மரை இறுகிப் போயிருக்கும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். செயின் தடிப்பான வகையாக இருக்கும், கியர் வண்டியின் மெல்லிய செயினை அதற்கு வாங்க வேண்டாம்.

கந்தளாய்ப் பயணி

22 பல் நல்ல யோசனைதான், ஆனாலும் அரைகுறைத் தீர்வு. சமதரைக்கு ஒன்று, ஏற்றத்துக்கு ஒன்று வேண்டாமா? சில்லின் நடுவில் கம்பிகள் பூட்டும் குடத்துக்குள்ளேயே மூன்று கியர் உள்ள வகை இருக்கிறதே. ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனம் 1902 முதல் செய்து வருகிறது. வெளியில் ஒன்றும் தெரியாது, உப்புக் காற்றும் உள்ளே போகாது.

சில்லுக்காரன்

அண்ணை, நானும் அதை நினைத்தேன். இரண்டு தடங்கல்.

ஒன்று கம்பி எண்ணிக்கை. பழைய ரலிகளில் பின் றிம்முக்கு 40 கம்பி, முன்னுக்கு 32. இப்போது வரும் மூன்று கியர்க் குடங்கள் பெரும்பாலும் 36 துளை. குடத்தை வாங்கிவிட்டுப் பிறகு றிம்மைத் தேடி அலைய வேண்டிவரும். இரண்டாவது, அந்தக் குடத்தைப் போட்டுப் பின்னால் 18 பல்லையே விட்டால் பயன் குறைவு. கீழ்க் கியர் நடுக் கியரின் முக்கால் பங்கு, மேல் கியர் ஒன்றேகால் பங்கை விடக் கொஞ்சம் கூட. அப்படியென்றால் 51, 68, 91. அந்த 91ஐ மீன் பெட்டியோடு யார் மிதிப்பது? குடத்தோடும் 22 போட்டால்தான் 42, 56, 75 என்று உருப்படியாக வரும். பணமும் பழைய 40 துளைக் குடமும் கையில் இருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் 22 பல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலாவெளி ரீச்சர்

நீங்கள் எல்லோரும் ரலியைச் சுற்றியே நிற்கிறீர்கள். பிள்ளையை யாராவது கவனித்தீர்களா?

உப்புவெளி அண்ணா, மகள் எந்தக் கியரில் ஓடுகிறாள் என்று பார்த்தீர்களா? என் வகுப்பில் கியர் சைக்கிளில் வரும் பிள்ளைகள் பலரைக் கேட்டிருக்கிறேன். கடைக்காரர் விட்ட கியரிலேயே ஓடுகிறார்கள். மாற்றினால் செயின் கழன்றுவிடும் என்று பயம், ஏனென்றால் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் மகள் முன்னால் 48இலேயே ஓடினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

முன்னால் நடுவிலுள்ள 38இல் விட்டுவிடுங்கள். அதை வைத்துப் பின்னால் ஆறையும் மாற்றினால் 35 அங்குலம் முதல் 70 வரை கிடைக்கிறது. பாடசாலைக்குப் போய்வர அது தாராளம். முன் கியரை மாற்றும் இடக்கைப் பக்கப் பிடியை அவள் தொடவே வேண்டாம். கோட்டை ஏற்றத்துக்கு மட்டும், ஏறத் தொடங்கும் முன்பே, முன்னால் 28க்கு இறக்கச் சொல்லுங்கள். பின்னால் 28இல் போனால் 26 அங்குலம், நடையை விடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் இறங்கத் தேவையில்லை. பாரத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால்தான் செயின் சத்தம் போடும், கழலும். ஒரு கணம் மிதியை இலேசாக்கி மாற்றச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரை வீதியில் அரை மணித்தியாலம் பழக்கினால் போதும்.

அடுத்தது கிறாங். பெடலைத் தாங்கும் தண்டின் நீளத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலும் 170 மில்லிமீற்றர் இருக்கும். 147 சென்றிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு அது நீளம். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் நெஞ்சுவரை மடிந்து எழும்பும். சிறுவர் வண்டிகளுக்கு 152 அளவில் கிடைக்கிறது. அதைப் போட்டால் சீற்றையும் 18 மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. "வளருகிற பிள்ளை" என்று சட்டையைப் பெரிதாக எடுக்கலாம், சைக்கிளை அப்படி எடுக்கக் கூடாது.

கந்தளாய்ப் பயணி

ரீச்சர் சொன்னது சரி. உப்புவெளியான், உங்கள் வண்டியில் கியரைத் தொடாதீர்கள். டயரைப் பாருங்கள். கொட்டை கொட்டையாகப் பல் வைத்த டயராக இருந்தால், சேற்றுக்குச் செய்ததைத் தார் வீதியில் உருட்டுகிறீர்கள். 1.5 அங்குல வழவழப்பான டயர் போட்டு, பக்கத்தில் அச்சடித்திருக்கும் அளவுக்குக் காற்று அடியுங்கள். 92 கிலோவுக்குக் கைப்பம்பால் நாலு தரம் அடித்த காற்றுக் காணாது.

உப்புவெளியான்

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னது அப்படியே உண்மை, மகள் 48இல்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். "மாற்றலாம் என்று எனக்குத் தெரியும், எப்போது மாற்றுவது என்று யாரும் சொல்லவில்லை" என்கிறாள். தலை குனிந்தேன். என் வண்டியிலும் கொட்டை டயர்தான்.

ஆனால் அப்பாவின் வண்டியில் புதுப் பிரச்சினை. 22 பல் போட்டாயிற்று. பழைய செயின்தான், சில்லைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பூட்டினேன். வெறும் வண்டியாக ஓடினால் நன்றாக இருக்கிறது. பெட்டியோடு ஏற்றத்தில் அழுத்தினால் "டக்" என்று செயின் வழுக்கி, பெடல் வெறுமையாக விழுகிறது. நேற்று அப்பா விழப் பார்த்தார். வாங்கிய இடத்தில் பிறீவீல் பழுது என்று மாற்றித் தந்தார்கள். அதுவும் அப்படியே.

சில்லுக்காரன்

இரண்டு பிறீவீலும் ஒன்றாகப் பழுதாகாது. செயினை அளந்தீர்களா? அடிமட்டத்தை, செயின் இணைப்புகளைக் கோர்க்கும் ஓர் ஊசியின் நடுவில் வையுங்கள். புதுச் செயினில் 12 அங்குலத்தில் இன்னோர் ஊசியின் நடு சரியாக வரும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி வந்தால் செயின் முடிந்தது. பழைய செயின் பழைய பல்லோடு சேர்ந்து தேய்ந்து, அதோடு ஒத்துப்போகும். புதுப் பல்லில் அது உட்காராது, பாரம் வந்ததும் ஏறிக் குதிக்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். சில்லை முன்னே தள்ளினேன் என்கிறீர்களே, பிறேக்கைப் பார்த்தீர்களா? பின்னால் நாலு பல் கூடியதற்குப் பழைய செயினோடு சில்லு ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் முன்னே வந்திருக்கும். தண்டால் இழுக்கும் பிறேக்கில் கட்டை றிம்மின் உட்பக்கத்தில் பிடிக்கிறது. சில்லு நகர்ந்தால் கட்டை பிடிக்கும் இடமும் இடைவெளியும் மாறும். உவர்மலையில் ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேசினோம். 35 கிலோவோடு இறங்க வேண்டியவரும் அவர்தான். மாரி மழையில் நனைந்த இரும்பு றிம்மில் அந்தப் பிறேக் ஏற்கெனவே அரை மனதோடுதான் பிடிக்கும்.

உப்புவெளியான்

அளந்தேன். 12 அங்குலமும் பதினாறில் மூன்றும்.

சில்லுக்காரன்

அப்படியென்றால் ஐயம் இல்லை. புதுச் செயின் வாங்கி, சில்லைப் பழைய இடத்தில் வைத்து, அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். பழையதை விட ஓர் அங்குலம், அதாவது உள் இணைப்பும் வெளி இணைப்பும் சேர்ந்த ஒரு சோடி, கூடுதலாக வரும். முன் செயின் வீலையும் வெளிச்சத்தில் பாருங்கள். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாவின் செட்டை போல இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சமமாக நின்றால் விட்டுவிடுங்கள். பூட்டிய பிறகு பிறேக் கட்டையைச் சரிபார்க்காமல் அப்பாவை அனுப்ப வேண்டாம்.

கரையிலிருந்து வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றி, துணியால் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள். ஐஸ் உருகி வடியும் தண்ணீர் கரியரிலிருந்து நேராகப் பிறீவீலில்தான் விழுகிறது. பெட்டிக்கடியில் ஒரு தகடு வைத்தால் பாதி வேலை குறையும்.

நிலாவெளி ரீச்சர்

மகள் எப்படி?

உப்புவெளியான்

போன வெள்ளிக்கிழமை கோட்டை வாசலிலிருந்து இறங்காமலே மேலே போனாள். நடுவில் மான் ஒன்று குறுக்கே வந்ததால் ஒரு தடவை கால் ஊன்றினாள், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம். கிறாங் 152 இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் வண்டியில் புதுச் செயின் போட்ட பிறகு வழுக்கல் இல்லை. முன் பற்கள் நேராகத்தான் நிற்கின்றன. பிறேக் கட்டையையும் புதிதாக்கினேன். ஐந்து நாளாக உவர்மலையில் இறங்காமல் ஏறுகிறார். ஆனால் இப்போது வேறொரு குறை. சல்லியிலிருந்து வரும் சமதரையில் "தையல் மெசின் மாதிரிக் கால் ஓடுகிறது" என்கிறார். ஏற்றம் கொஞ்ச நேரந்தான், மிச்சப் பாதை முழுவதும் தட்டை என்பது அவருடைய வாதம்.

சில்லுக்காரன்

ஐந்து நாளில் கால் பழகாது, இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகும் அப்படியே சொன்னால் 20 போடுங்கள், 61½ அங்குலம் வரும். நான் 22 என்றது கணக்கைப் பார்த்து; பாதை அவருடையது. முழங்கால் எப்படி?

உப்புவெளியான்

மாலையில் எண்ணெய் பூசுவதை விட்டுவிட்டார். கேட்டால் "மறந்துவிட்டேன்" என்கிறார்.

இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். "அந்த ஐயாவுக்கு நன்றி சொல்லு, 20 பல் எங்கே கிடைக்கும் என்றும் கேள்" என்றார். புதுச் செயினைத் திரும்ப வெட்ட வேண்டுமா?

சில்லுக்காரன்

வெட்டாதீர்கள். இரண்டு பல் குறைந்தால் சில்லை 6 மில்லிமீற்றர் பின்னே இழுத்துப் பூட்டினால் போதும், பிறகு பிறேக்கை மறுபடி பாருங்கள். 20 என்னிடம் ஒன்று கிடக்கிறது. அந்த 22ஐக் கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்வோம். சனிக்கிழமை நாலு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்பேன். சாவியும் கொண்டு வருகிறேன்.