ஓட்ஸ்: எவ்வளவு சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் இறங்கும்?

புதுவரவு27:
எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஓட்ஸ் சாப்பிடு என்கிறார்கள், அளவு மட்டும் யாரும் சொல்வதில்லை. தினம் எத்தனை கிராம்? இன்ஸ்டன்ட், தட்டையாக அழுத்திய ரோல்டு, துண்டாக வெட்டிய ஸ்டீல் கட், இதில் எது நல்லது? இன்ஸ்டன்ட் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது. வயிறு வேறு உப்புகிறது.

அளவுக்கரண்டி:
வேலை செய்வது பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. நாளுக்கு 3 கிராம் வேண்டும். ஓட்ஸ் இதயத்துக்கு நல்லது என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் அனுமதி தந்தபோது வைத்த கணக்கும் இதுதான்.

வேகவைக்காத ஓட்ஸில் இது சுமார் 4 சதவீதம். அப்படியானால் 75 கிராம் வேண்டும். பாக்கெட் சொல்லும் 'ஒரு வேளை' 30, 40 கிராம்தான், தேவையில் பாதி. 75 கிராமை ஒரே தடவையில் விழுங்குவது சிரமம், இரண்டு வேளையாகப் பிரியுங்கள். அல்லது 40 கிராம் ஓட்ஸோடு 25 கிராம் ஓட்ஸ் தவிடு. தவிட்டில் இந்த நார் அதிகம்.

கப்பால் அளக்காதீர்கள். ஒரே கப்பில் ஸ்டீல் கட், ரோல்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு எடை நிற்கும். தராசு வையுங்கள்.

கஞ்சியில் தெரியும் அந்தக் கொழகொழப்புதான் மருந்து. குடலில் அது பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது. புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. இறங்குவது 5 முதல் 7 சதவீதம்தான். இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

முழுதானியம்:
மூன்றிலும் நார் ஒன்றுதான். வித்தியாசம் மாவுச்சத்து செரிக்கும் வேகத்தில். இன்ஸ்டன்ட்டை முன்கூட்டியே வேகவைத்து மெல்லிசாகத் தட்டியிருப்பார்கள், ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறி இறங்கும். ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசீமிக் குறியீடு ஸ்டீல் கட்டுக்கு 55 பக்கம், இன்ஸ்டன்ட்டுக்கு 75-க்கு மேல். ருசி சேர்த்த பாக்கெட் என்றால் பெரும்பாலும் பொருள் பட்டியலில் இரண்டாவதே சர்க்கரை. அதை வாங்கவே வேண்டாம்.

ரோல்டு: ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், 5 நிமிடம். ஸ்டீல் கட்: நான்கு பங்கு, சிறு தீயில் 25, 30 நிமிடம். பச்சைத் தண்ணீரிலேயே ஓட்ஸைப் போட்டு கிளறிக்கொண்டே வந்தால் கெட்டியாகக் குழையும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உதிரியாக நிற்கும். பொங்கி அடுப்பில் வழிகிறதா? பாத்திரம் சின்னது, அல்லது மூடி போட்டிருக்கிறீர்கள்.

பசிக்குக் காரணம் புரதக் குறைவு. 40 கிராமில் 5 கிராம் புரதம்தான். கூடவே ஒரு முட்டையோ தயிரோ ஒரு கைப்பிடி பாதாமோ வேண்டும்.

நார்க்கணக்கு:
உப்புசத்துக்கு: 20 கிராமில் தொடங்கி வாரம் 15 கிராம் கூட்டுங்கள், தண்ணீரும் கூடவே கூட வேண்டும். எடுத்த எடுப்பில் 75-க்குப் போனால் குடல் பாக்டீரியா அத்தனை நாரையும் புளிக்கவைத்து வாயுவாக்கிவிடும்.

சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்கள் சாதா ஓட்ஸைத் தொடக் கூடாது. வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று சான்று பெற்றதை எடுத்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே. சிலருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனினே ஒத்துக்கொள்ளாது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரைக்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது விட்டுச் சாப்பிடுங்கள், நார் மருந்தை உறிஞ்சவிடாது.

இரவில் ஊறவைத்தால், இரும்பு போன்ற தாதுக்களை உடலில் சேரவிடாத ஃபைட்டிக் அமிலம் போய்விடும் என்பது பாதி உண்மைதான். அதை உடைக்கும் நொதி ஆலையில் சூடுபடுத்தும்போதே செத்திருக்கும். ஊறவைத்தால் மென்மையாகும், அவ்வளவே.

புதுவரவு27:
ஓட்ஸ் பால் குடித்தால் கணக்கில் சேருமா?

அளவுக்கரண்டி:
லேபிளில் பீட்டா குளுக்கன் எத்தனை கிராம் என்று போட்டிருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் சேர்க்காதீர்கள். வடிகட்டும்போது நாரில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். நொதி சேர்த்து மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்திருப்பார்கள். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று எழுதியிருந்தும் இனிப்பது அதனால்தான்.