சபை நடுவில் சாட்சி சொல்வது தற்பெருமையாகுமா?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இருதய அறுவை சிகிச்சைக்குப் பின் என் தாயார் சுகமாக வீடு திரும்பியிருக்கிறார். ஞாயிறு தமிழ் ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கும்போது சாட்சி சொல்லும்படி, அதாவது ஆண்டவர் செய்த நன்மையைச் சபைமுன் எடுத்துச் சொல்லும்படி, போதகர் ஐயா கேட்டிருக்கிறார். அறைவீட்டுக்குள் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன ஆண்டவர் (மத்தேயு 6:6) இதை விரும்புவாரா என்று தயங்குகிறேன். அதைவிடப் பாரமான ஒன்றும் உண்டு. சென்ற மாதம் இதே நோயில் கணவரை இழந்த அக்கா ஒருவர் அன்றும் முன் வரிசையில் இருப்பார். அவருடைய கணவருக்காகவும் நாங்கள் உபவாசித்து ஜெபித்தோம்.

மறுமொழி 1 (பட்டர்வொர்த்)

சகோதரி, மத்தேயு 6:5-ஐயும் சேர்த்து வாசியுங்கள். மனுஷர் காணவேண்டுமென்று ஜெபிப்பதையே ஆண்டவர் கண்டிக்கிறார். குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பிவந்து உரத்த சத்தத்தோடே தேவனை மகிமைப்படுத்தியபோது, "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்று கேட்டவரும் அவரே (லூக்கா 17).

லேவியராகமம் 7-ஐ நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பொருத்தனைப் பலியின் (நேர்ந்துகொண்டதற்காகச் செலுத்தும் பலியின்) மாம்சத்தை மறுநாளும் புசிக்கலாம். ஆனால் நன்றியாகச் செலுத்தும் ஸ்தோத்திரபலியின் மாம்சத்தில் ஒன்றையும் விடியற்காலம்வரை வைக்கலாகாது. ஓர் ஆட்டையோ மாட்டையோ ஒரே நாளில் ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாது என்பதால், நன்றி செலுத்த வந்தவன் பிறரையும் பந்திக்கு அழைக்கவேண்டியிருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. "சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்" என்னும் 22-ஆம் சங்கீதமும், சிறுமைப்பட்டவர்கள் புசித்துத் திருப்தியடைவதை நான்கு வசனங்களுக்குப் பின் சொல்கிறது. அந்தச் சங்கீதம் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றல்லவா தொடங்குகிறது? ஆண்டவர் சிலுவையில் கதறியது அந்த முதல் வரி. எபிரெயர் 2:12 அவர் வாயில் வைப்பது அந்தத் துதியின் வரி. ஆகவே அந்த அக்காவின் கண்ணீருக்கும் உங்கள் நன்றிக்கும் ஒரே சங்கீதத்தில் இடமுண்டு.

மறுமொழி 2 (ஜெலுத்தோங், பினாங்கு)

நான் அந்த முன் வரிசையில் உட்கார்ந்தவள். மகனை அடக்கம் செய்த மூன்றாம் வாரம், ஒருவர் எழுந்து, "நாங்கள் விசுவாசத்தோடு ஜெபித்தோம், ஆகையால் பிள்ளை பிழைத்தான்" என்றார். அந்த "ஆகையால்" என்ற சொல்லை என்னால் இன்றும் தாங்க முடிவதில்லை. எங்களுக்கு விசுவாசம் இல்லை என்றே அது என் காதில் விழுந்தது. சில மாதங்களுக்குப் பின் வேறொரு சகோதரி, "ஏன் எங்களுக்கு இந்தக் கிருபை என்று தெரியவில்லை, நன்றி சொல்லாமலும் இருக்க முடியவில்லை" என்று அழுதுகொண்டே சொன்னபோது, நெடுநாளுக்குப் பின் நானும் வாய்திறந்து கீர்த்தனை பாடினேன். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்த அக்கா வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 3 (செந்தூல், கோலாலம்பூர்)

சங்கீதம் 106-இன் முடிவில் ஜனங்களெல்லாரும் "ஆமென்" சொல்லும்படி அழைக்கப்படுகிறார்கள். நாங்கள் தோட்டத்தில் (எஸ்டேட்டில்) இருந்த காலத்து வீட்டு ஜெபக்கூட்டங்களில், எழுத்தறியாத பாட்டிமார்கூட ஆண்டவர் செய்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லி அமர்வார்கள். மற்றவர்கள் அல்லேலூயா சொல்வார்கள். நீங்களும் சுருக்கமாகச் சொல்லுங்கள், சகோதரி. மருத்துவ விவரங்கள் வேண்டாம்.

கேட்டவர்

நேற்று மாலை அக்காவைப் பார்த்துவந்தேன். நான் கேட்காமலேயே, சாட்சிக்குப் பின் பாட வேண்டிய கீர்த்தனையை அவரே தெரிந்தெடுத்துக் கொடுத்தார். தாயாரும் என்னோடு பீடத்தின் முன் நிற்பார்.