மர நிழலில் நட்ட சைக்ளமென் செத்துவிட்டதா?

கேள்வி: பெரிய மரத்தடியில், வெயிலே படாத இடத்தில் சைக்ளமென் என்ற பூச்செடியின் கிழங்கை நட்டிருந்தேன். குளிர் முடியும் நேரத்தில் அழகாகப் பூத்தது, இப்போது கோடை வந்ததும் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது, தினமும் தண்ணீர் விட்டும் ஒன்றும் நடக்கவில்லை. தோண்டி எறிந்துவிடலாமா?

பதில்: ஐயோ, தோண்டாதீர்கள்! கோடையில் அது உறங்கும். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், ஈரத்தில் கிடந்தால் கிழங்கு அழுகிவிடும். மேல் மண்ணை லேசாக விலக்கி விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, கொழகொழவென்று இருந்தால் போய்விட்டது.

பதில்: பூத்த நேரத்தைப் பார்த்தால் சைக்ளமெனில் கூம் என்ற வகை போலிருக்கிறது, உறைபனியையும் தாங்கும். ஹெடரிஃபோலியம் என்ற வகையாக இருந்தால் இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் இலைக்கு முன்பே பூ வந்துவிடும். தொட்டியில் விற்கிற பெரிய பூ பூக்கும் பெர்சிகம் வகையை மட்டும் உறைபனி விழும் இடத்தில் வெளியே நடாதீர்கள். கிழங்குக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. மண் போதும்.

பதில்: அப்புறம், பூ வாடியதும் காம்பைக் கிள்ள வேண்டாம். அது ஸ்பிரிங் மாதிரி சுருண்டு காயைத் தரைக்கு இழுத்துவரும், பிசுபிசுப்பான விதைகளை எறும்புகள் தூக்கிப்போய் அங்கங்கே போடும், அவை தானாக முளைக்கும். அதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்.

கேட்டவர்: அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருக்கிறது! தண்ணீரை நிறுத்திவிட்டேன், ரொம்ப நன்றி.